கடல் கடந்த சுவடுகள்: நோரா கதவைச் சாத்திக்கொண்டு போன ஊர்

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை விற்றதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1845ல் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது. டேன்ஸ்போர்க் கோட்டையில் 225 வருஷம் பறந்த கொடி இறங்கியது. இந்த வாரம் கடலின் மறுகரைக்குப் போவோம். கோபன்ஹேகனில் ஒரு நாள்.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் பிள்ளையோ பெண்ணோ டென்மார்க்கில் வேலை பார்க்கும் வீடுகள் இன்று இருக்கின்றன. வெயில் காலத்தில் அங்கே போகும் பெற்றோரை ஒரு சனிக்கிழமை பார்த்து ஊர் சுற்றிக் காட்டுவார்கள். கடற்கன்னி சிலை, அரண்மனை, நியூஹவுன் துறை, படகுச் சவாரி, சாயங்காலம் டிவோலி பூங்கா. அந்தப் பாதையை நான் மாற்றச் சொல்லவில்லை. அதே வழியில் நம்முடைய சரித்திரமும் கிடக்கிறது, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். அதில் ஓர் இடம் மயிலாப்பூருக்கே நெருக்கமானது. அதற்காகத்தான் இந்த அத்தியாயம்.

காலையில் லாங்கலினி கரை. கடற்கன்னி 1913ல் அங்கே வந்தாள். உயரம் 1.25 மீட்டர்தான். நம்மவர்கள் முதலில் சொல்வது, "இவ்வளவு சின்னதா!" கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலைக்காரர் கார்ல் யாகப்ஸன் ஊருக்குக் கொடுத்த பரிசு அது. கார்ல்ஸ்பெர்க் என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் அமாலியன்போர்க் அரண்மனை. நான்கு மாளிகைகள் சூழ்ந்த எண்கோண முற்றத்தின் நடுவில் ஐந்தாம் பிரெடரிக் மன்னர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். பகல் 12 மணிக்குக் கரடித்தோல் தொப்பிக் காவலர்கள் மாறும் அணிவகுப்பைப் படம் எடுக்கும் கூட்டம், அந்தச் சிலைக்கு யார் பணம் கொடுத்தது என்று கேட்பதில்லை. கொடுத்தது டேனிஷ் ஏஷியாட்டிக் கம்பெனி. யாக் சாலி என்ற பிரெஞ்சுச் சிற்பி பல வருஷம் உழைத்துச் செய்த சிலை, 1771ல் திறந்து வைக்கப்பட்டது. 1732ல் தொடங்கிய அந்தக் கம்பெனிதான் சீனத்துத் தேயிலையையும் தரங்கம்பாடி வழியாகச் சோழமண்டலக் கரையின் துணிகளையும் கோபன்ஹேகனுக்குக் கொண்டுவந்து ஏலம் போட்டது. நம் ஊர்த் தறிகளில் ஓடிய நூலுக்கும் அந்த வெண்கலத்தில் ஒரு பங்கு உண்டு.

அடுத்து கோங்கென்ஸ் நியூடோர்வ் என்னும் பெரிய சதுக்கம் வரும். அங்கே நிற்க வேண்டாம், திரும்பி வரத்தான் போகிறோம். கால்வாயை ஒட்டி நடந்தால் பழைய பங்குச்சந்தைக் கட்டடம், பேர்ஸன். நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1619ல் கட்டத் தொடங்கியது. அதன் கோபுரத்தில் நான்கு டிராகன்களின் வால்கள் பின்னல் போட்ட மாதிரி முறுக்கிக்கொண்டு மேலே ஏறியிருந்தன. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி, பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்துக் கோபுரம் சரிந்து விழுந்தது. தெருவில் போனவர்கள்கூட உள்ளிருந்த ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டுவந்தார்கள். இப்போது திரும்பக் கட்டுகிறார்கள்.

இந்தக் கட்டடத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான், டேனிஷ் கப்பல்களோடு வந்த 25 வயது ஓவே யெட்டே தஞ்சாவூரில் ரகுநாத நாயக்கரின் தயவுக்காகக் காத்திருந்தான். இலங்கையில் கண்டி அரசரிடம் போய் ஏமாந்து, அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்து, 1620 நவம்பரில் தரங்கம்பாடிக்கு உடன்படிக்கை வாங்கிய கதையை முன்பே சொல்லியிருக்கிறேன். அப்போது நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் எழுதப்பட்டது. எழுதிய மொழி தமிழ். தெலுங்கு பேசிய அரச குடும்பம், காவிரிக் கரையிலிருந்து வட கடல் ஓரத்து ராஜாவுக்குத் தமிழில் எழுதியிருக்கிறது. 400 வருஷம் தாண்டி இன்றும் அது டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பேர்ஸன் எரிந்தது, அரண்மனை எரிந்தது, 1807ல் ஆங்கிலேயர் பீரங்கியால் அந்த ஊரையே கொளுத்தினார்கள். தகடு தப்பியது. நமக்காக அதைக் காத்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பாலம் தாண்டினால் கிறிஸ்டியான்ஸ்ஹவுன். ஆம்ஸ்டர்டாம் மாதிரி வேண்டும் என்று அதே நான்காம் கிறிஸ்டியன் போட்ட பேட்டை. ஸ்ட்ராண்ட்காடெ தெரு ஓரத்தில் ஏஷியாட்டிக் கம்பெனியின் 1738ஆம் வருஷத்துத் தலைமை அலுவலகமும், பிறகு கட்டிய பெரிய கிடங்கும் இருக்கின்றன. அந்தத் திடலுக்கு இன்றும் ஏஷியாட்டிஸ்க் பிளாட்ஸ் என்றே பெயர். வெளியுறவு அமைச்சகம் அங்கேதான் நடக்கிறது. எதிரே தெரிகிற தண்ணீரில்தான் தரங்கம்பாடிக் கப்பல்கள் வந்து நின்றன. 1705 நவம்பரில் பாதிரியார் சீகன்பால்கு புறப்பட்டதும் இந்தத் துறைமுகத்திலிருந்துதான். அடுத்த ஜூலை 9ஆம் தேதி அவர் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார், எட்டு வருஷத்துக்குள் தமிழ் அச்சு ஓட ஆரம்பித்தது.

இதுவரை பார்த்தவை ராஜாக்களும் கம்பெனிகளும் பாதிரிமார்களும் விட்டுப்போன தடம். இனி ஓர் அம்மாவின் தடம்.

கிறிஸ்டியான்ஸ்ஹவுனில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தமே கோங்கென்ஸ் நியூடோர்வ். சதுக்கத்தின் ஓரத்தில் ராயல் தியேட்டர். இப்போதிருக்கும் கட்டடம் 1874ல் திறந்தது. வாசலில் ஹோல்பர்க், ஏலன்ஷ்லேகர் என்னும் இரண்டு நாடகக் கவிகள் சிலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அரங்கில் 1879 டிசம்பர் 21ஆம் தேதி ஹென்ரிக் இப்ஸனின் 'பொம்மை வீடு' உலகில் முதல்முறையாக மேடையேறியது. இப்ஸன் நார்வேக்காரர். ஆனால் நார்வே 1814 வரை டென்மார்க்கோடு சேர்ந்திருந்த தேசம். எழுத்து மொழி ஏறக்குறைய ஒன்றே. அதனால் அவர் புத்தகங்களைக் கோபன்ஹேகன் பதிப்பாளர்தான் போட்டார். 8,000 பிரதி அச்சடித்து, ஒரு மாதத்துக்குள் தீர்ந்தது.

கதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் புரியக்கூடிய கதை. கணவனுக்கு உடம்பு சரியில்லை, இதமான நாட்டுக்குக் கூட்டிப்போகாவிட்டால் பிழைக்கமாட்டான். அவனுக்குத் தெரியாமல் நோரா கடன் வாங்குகிறாள். பெண்பிள்ளை தன் கையெழுத்தில் கடன் வாங்க முடியாத காலம். சாகக் கிடக்கும் அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். பிறகு வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, ராத்திரி கண்விழித்துப் பத்திரம் நகல் எடுத்துக் கூலி வாங்கி, வருஷக்கணக்கில் அந்தக் கடனை அடைக்கிறாள். விஷயம் வெளியே வரும்போது கணவன் நினைப்பது தன் பெயரை மட்டும்தான். உன்னிடம் குழந்தைகளை வளர்க்க விடமாட்டேன் என்கிறான். ஆபத்து நீங்கியது தெரிந்த மறு நிமிஷமே மன்னித்துவிட்டேன் என்று கொஞ்சுகிறான். நோரா அவனை மேஜைக்கு எதிரே உட்கார வைக்கிறாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவது இதுதான் முதல் தடவை என்கிறாள். பேசி முடித்து மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறாள். வீட்டுச் சாவிகளையும் வைக்கிறாள். மூன்று குழந்தைகள் உள்ளே தூங்க, கதவு சாத்தும் சத்தத்தோடு நாடகம் முடிகிறது.

இது முழுக்கக் கற்பனையும் இல்லை. லாரா கீலர் என்ற பெண் இப்ஸனுக்குப் பழக்கம். க்ஷயரோகக் கணவனைக் காப்பாற்ற ரகசியமாகக் கடன் வாங்கினாள். தெரிந்ததும் அவன் அவளை மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தான், குழந்தைகளைப் பிரித்தான். நாடகம் வந்த பிறகு ஐரோப்பா முழுக்க ஒரே சண்டை. ஜெர்மனியில் ஒரு நடிகை, குழந்தையை விட்டுப்போகும் தாயாக நடிக்கமாட்டேன் என்று சொல்ல, நோரா போகாமல் தங்கிவிடுவதாக ஒரு முடிவை இப்ஸன் வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தார். அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று அவரே திட்டியும் இருக்கிறார்.

இந்த நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர்களில் ஒருவர் மயிலாப்பூர் சீதாலக்ஷ்மி அம்மாள். கணவர் சி. சுப்ரமண்ய ஐயர், அரசாங்கத் தணிக்கை, கணக்குத் துறையில் பெரிய உத்தியோகஸ்தர். வேலை நிமித்தம் வடக்கே இருந்த குடும்பம் 1918ல் சென்னைக்கு மாற்றலாகி வந்து நிரந்தரமாகத் தங்கியது. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு, இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் 'சந்திர விலாஸ்' என்ற வீடு. ஆறு பெண், நாலு பிள்ளை, ஆக பத்துக் குழந்தைகள். மூத்த பிள்ளையைப் பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கே அனுப்பவில்லை. வீட்டில் அம்மாவும் அப்பாவும் தனி வாத்தியார்களும்தான் பாடம். அப்படிப்பட்ட வீட்டில், பத்துப் பேருக்குத் தாயாக இருந்துகொண்டு, ஓர் அம்மாள் இப்ஸனைத் தமிழாக்கினார். பட்டம் வாங்கிய பேராசிரியர்கள் அதைச் செய்வது வேறு. தளிகையும் பிள்ளைப்பேறும் பாடம் சொல்லிக்கொடுப்பதும் முடிந்து மிஞ்சிய நேரத்தில் செய்வது வேறு. நான் இதைப் பெரிய காரியமாகவே கருதுகிறேன்.

அவர் எடுத்த புத்தகமும் சாதாரணமானதல்ல. அந்தக் கால மயிலாப்பூரை நினைத்துப் பாருங்கள். வயதுக்கு வருமுன் கல்யாணம். பதினொரு வயதில் விதவையான ஆர்.எஸ். சுப்புலட்சுமி 1911ல் பட்டம் பெற்று, இளம் விதவைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கும் இல்லம் நடத்தியதற்கு ஊரே எதிர்த்தது. கல்யாண வயதைப் பெண்ணுக்கு 14 என்று வைத்த சாரதா சட்டம் 1929ல்தான் வந்தது. அதற்காகச் சட்டசபையில் வாதாடியவர்களில் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார், இன்று அடையாறில் இருப்பது அதுதான். பெண் என்பவள் யார், வீடு அவளுக்கு என்ன என்ற கேள்வி மயிலாப்பூர் மாடவீதிகளிலேயே கொதித்துக்கொண்டிருந்தது. கோபன்ஹேகன் மேடையில் நோரா கேட்டதும் அதே கேள்விதான். சீதாலக்ஷ்மி அம்மாளுக்கு அந்த நாடகம் அயல்நாட்டு விநோதமாக இருந்திருக்க முடியாது.

அந்த மூத்த பிள்ளை, சந்திரசேகர். வீட்டில் சந்திரா. திருவல்லிக்கேணி ஹிந்து ஹைஸ்கூல், பிறகு பிரசிடென்சி கல்லூரி. 1930ல் அரசாங்க உதவித்தொகையில் கேம்பிரிட்ஜுக்கு அழைப்பு வந்தபோது அம்மா படுத்த படுக்கை. பிள்ளை தயங்கினான். போகத்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி அனுப்பியது அம்மாதான். ஜூலைக் கடைசியில் பம்பாயில் கப்பலேறினான், வயது 19. எரிந்து தீர்ந்த நட்சத்திரம் வெண்குள்ளனாக நிலைக்க வேண்டுமென்றால் அதன் நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்ற கணக்கு அந்தக் கப்பலில் பிறந்தது. சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு, இன்று அதற்குச் சந்திரசேகர் வரம்பு என்று பெயர். 1931 மே மாதம் மயிலாப்பூரில் அம்மா காலமானார். பிள்ளை கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அடுத்த வருஷம் அவர் கோபன்ஹேகன் வந்தார். அவர் வந்த இடத்தைப் பார்க்க கோங்கென்ஸ் நியூடோர்விலிருந்து மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தமான டிரையாங்களனில் இறங்கி, பிளெக்டாம்ஸ்வை தெருவில் கொஞ்சம் நடக்க வேண்டும். இலக்கம் 17. ஓட்டுக்கூரை போட்ட அடக்கமான கட்டடம். 1921ல் நீல்ஸ் போர் தொடங்கிய தத்துவ இயற்பியல் நிலையம் இது, இப்போது அவர் பெயரிலேயே இருக்கிறது. சுற்றுலாப் பட்டியலில் முன்னால் வராது. ஆனால் குவாண்டம் இயற்பியலில் பெயர் சொல்லக்கூடிய பேர்வழிகளில் இங்கே வந்து போகாதவர்கள் குறைவு. சரிவாக ஏறும் மரப் பலகைகள் போட்ட அந்தப் பழைய விரிவுரை அறையில்தான் ஹைசன்பர்க்கும் பவுலியும் டிராக்கும் வாதாடினார்கள். கார்ல்ஸ்பெர்க் இங்கேதான் திரும்ப வருகிறது. பீர் ஆலையின் லாபத்தில் நடக்கும் அறக்கட்டளை டேனிஷ் விஞ்ஞானத்துக்கு அள்ளிக் கொடுத்தது. அந்த ஆலையின் கௌரவ மாளிகைக்கு நீல்ஸ் போர் குடிபோனதும் சந்திரா வந்த 1932ல்தான்.

கேம்பிரிட்ஜ் சந்திராவுக்கு ஒட்டவில்லை. சைவ உணவுக்கு அலைச்சல், தனிமை, அம்மா போன துக்கம். டிராக்தான் கோபன்ஹேகனுக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வா என்று யோசனை சொன்னார். இங்கே அவருக்குக் கிடைத்தது சிநேகிதம். மாக்ஸ் டெல்ப்ரூக், விக்டர் வைஸ்கோப், லியோன் ரோசன்ஃபெல்ட் என்று ஏறக்குறைய சமவயதுக்காரர்கள். பெரியவர் சின்னவர் என்ற அதட்டல் இல்லாத கூடம். வேலை மட்டும் முதலில் கை கொடுக்கவில்லை. டிராக் கொடுத்த ஒரு கணக்கைப் பல மாதம் போட்டு, முடித்துவிட்டதாக நினைத்துக் கட்டுரையும் எழுதி, போரும் ரோசன்ஃபெல்டும் சரி என்ற பிறகு, டிராக்கே அதில் பிழையைக் கண்டுபிடித்தார். சந்திரா அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, சுழலும் வாயுக் கோளங்களைப் பற்றிய தன் பழைய வேலைக்குப் போனார். அதற்குத்தான் 1933ல் டாக்டர் பட்டம். டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து மூன்றரை மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் அது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் இருந்த இடத்திலிருந்து, அம்மா தமிழில் எழுதிய நோரா முதலில் நடமாடிய மேடை அரைமணி நடைதூரம்.

கோபன்ஹேகன் சிநேகிதம் பிறகு உதவியது. 1935 ஜனவரி 11ஆம் தேதி லண்டனில் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டி கூட்டத்தில் சந்திரா அந்த நிறை வரம்புக் கண்டுபிடிப்பைச் சொல்லி உட்கார்ந்ததும், எடிங்டன் எழுந்து அதைக் கேலி செய்து தள்ளினார். உலகமே மதித்த வானியலாளர், அதுவும் தினமும் பேசிப் பழகியவர். கூட்டம் சிரித்தது. 24 வயதுப் பையன் உடனே கடிதம் எழுதியது கோபன்ஹேகனில் இருந்த ரோசன்ஃபெல்டுக்கு. எடிங்டன் சொல்வதில் அர்த்தமே இல்லை என்று தானும் போரும் நினைப்பதாக அவர் பதில் போட்டார். பகிரங்கமாக அவர்களில் யாரும் வாய் திறக்கவில்லை என்பது உண்மை, அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனாலும் தன் கணக்கு சரி என்று தெரிந்துகொண்டு பொறுமையாக இருக்க அந்தக் கடிதங்கள் போதுமானவையாக இருந்தன. 1936ல் சென்னைக்கு வந்து லலிதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மயிலாப்பூர்ப் பெண், பிரசிடென்சியில் இயற்பியல் படித்தவர், மேலே சொன்ன சிஸ்டர் சுப்புலட்சுமியின் சகோதரி மகள்.

ஸ்டாக்ஹோமையும் ஒரு வரி தொட வேண்டும். 1930 டிசம்பர் 10ஆம் தேதி அந்த ஊர்க் கச்சேரி மண்டபத்தில் சித்தப்பா சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்கினார். 53 வருஷம் கழித்து, 1983ல், அதே தேதியில் அதே மண்டபத்தில் சந்திரா வாங்கினார். பரிசு பெறுகிறவர்கள் தங்களைப் பற்றிச் சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும். 73 வயதில் எழுதிய அந்தக் குறிப்பில் அம்மாவுக்குச் சில வரிகள் ஒதுக்கினார். உயர்ந்த அறிவுள்ளவர், பிள்ளைகள் பெரிதாக வரவேண்டுமென்று தீராத ஆசை கொண்டவர் என்று சொல்லி, அந்த அறிவுக்கு அத்தாட்சியாக அவர் காட்டியது, இப்ஸனின் 'பொம்மை வீட்டை' அம்மா தமிழில் மொழிபெயர்த்ததைத்தான். உலகம் சீதாலக்ஷ்மி அம்மாளைத் தெரிந்துகொண்டது அப்படி.

பிள்ளை நோபல் வாங்கியதால் அம்மா பெயர் மிஞ்சியது. அதே காலத்தில் மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் தியாகராய நகரிலும் கூடத்து ஓரமாக உட்கார்ந்து மொழிபெயர்த்த, கதை எழுதிய, டைரி வைத்த பெண்கள் இன்னும் எத்தனையோ பேர். அவர்கள் பிள்ளைகள் யாரும் ஸ்டாக்ஹோம் போகவில்லை. டேனிஷ்காரர்கள் நம் ராஜாவின் ஒரு கடிதத்தை 400 வருஷம் வைத்திருக்கிறார்கள். நாம் நம் பாட்டிகளின் நோட்டுப் புத்தகங்களை வீடு இடிக்கும்போது எடைக்குப் போடுகிறோம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ பாட்டி, கொள்ளுப்பாட்டி கையெழுத்தில் ஒரு நோட்டு, பழைய மொழிபெயர்ப்பு, அச்சிட்ட சின்னப் புத்தகம் எது இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. இரண்டில் ஒன்றுக்குத் தகவல் சொல்லுங்கள்.